அகச்சிவப்பைப் பச்சையாக்கும் படிகம்

ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது அதன் வேகம் குறைகிறது, அலைநீளம் குறைகிறது, அதிர்வெண் மட்டும் மாறுவதில்லை. மேனிலைப் பள்ளியில் ஒளியியல் பாடம் தொடங்கும் நாளிலேயே இதைக் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். சிவப்பாக உள்ளே போன ஒளி சிவப்பாகவே வெளியே வரும். இந்த விதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. உள்ளே போகும் ஒளி வலிமை குறைந்ததாக இருக்க வேண்டும். சூரிய ஒளியும் விளக்கொளியும் அந்த நிபந்தனைக்குள் அடங்கியவை. ஆகவே விதி பொய்த்ததை எவரும் காணவில்லை.

1960-இல் மெய்மன் ரூபி லேசரை இயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஃபிராங்கனும் அவருடைய தோழர் மூவரும் அந்த லேசரின் 694.3 நானோமீட்டர் சிவப்பொளியை ஒரு குவார்ட்ஸ் படிகத்தினுள் குவித்தனர். வெளிவந்த ஒளியைப் பிரித்து ஒளிப்படத் தகட்டில் பதித்தபோது, சிவப்புக்குரிய பெரிய தடத்திற்கு அப்பால், சரியாகப் பாதி அலைநீளமான 347.15 நானோமீட்டரில் ஒரு மிகச் சிறிய புள்ளி தெரிந்தது. அலைநீளம் பாதியானால் அதிர்வெண் இருமடங்கு. ஆய்விதழில் அச்சேறியபோது அந்தப் புள்ளியைத் தகட்டின் அழுக்கு என்று கருதி நீக்கிவிட்டார்கள் என்று சொல்வதுண்டு. புள்ளியைச் சுட்டிய அம்புக்குறி மட்டும் வெற்றிடத்தைக் காட்டியபடி அந்தப் பக்கத்தில் நிற்கிறது. நேரிலா ஒளியியல் என்னும் துறை இப்படி, கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியில் தொடங்கிற்று.

இன்று அந்த அதிசயம் கடைத்தெருவில் கிடைக்கிறது. பச்சை ஒளி வீசும் சுட்டுக்கோல்களில் பெரும்பாலானவற்றைப் பிரித்துப் பார்த்தால், உள்ளே இருப்பது பச்சை லேசர் அன்று. 1064 நானோமீட்டர் அகச்சிவப்பை உண்டாக்கும் ஒரு சிறு படிகமும், அதனை 532 நானோமீட்டர் பச்சையாக மாற்றும் இன்னொரு சிறு படிகமுமே இருக்கின்றன. (மலிவான சுட்டுக்கோல்களில் மாறாத அகச்சிவப்பும் சேர்ந்து கசிவதுண்டு. அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும். விடுதி மாணவர்கள் விளையாட்டாகக்கூட ஒருவர் முகத்தில் மற்றவர் அடிக்க வேண்டா.)

இது எவ்வாறு நிகழ்கிறது? வீணைத் தந்தியை மெல்ல மீட்டினால் ஓரளவு தூய சுரம் எழுகிறது. ஓங்கி மீட்டினால் அதனோடு மேல் ஸ்தாயி ஷட்ஜமும் கலந்து ஒலிக்கிறது. அதன் அதிர்வெண் இருமடங்கு. ஒளி ஒரு படிகத்தினுள் செல்லும்போது அதன் மின்புலம் அங்குள்ள எலெக்ட்ரான்களை முன்னும் பின்னும் இழுக்கிறது. புலம் சிறிதாயின் எலெக்ட்ரான்களின் இடப்பெயர்ச்சி புலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். வெளிவருவது அதே அதிர்வெண். புலம் மிகப் பெரிதாயின், புலத்தின் வர்க்கத்திற்கு விகிதமான ஒரு சிறு பகுதியும் சேர்ந்துகொள்ளும். சைன் அலையை வர்க்கப்படுத்தினால் இருமடங்கு அதிர்வெண் கொண்ட அலை தோன்றுகிறது என்பது கோணவியல் படித்த எவருக்கும் தெரியும். அந்த வர்க்கப் பகுதியிலிருந்து பிறப்பதே இரண்டாம் சீரிசை ஒளி.

ஆனால் எல்லாப் படிகங்களும் இதைச் செய்வதில்லை. என் பாடத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. மாணவர்கள் சற்று நின்று படிக்க வேண்டும்.

வாசலில் போட்ட சில சிக்குக் கோலங்களை வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்தாலும் தெருவிலிருந்து பார்த்தாலும் ஒன்றுபோலவே தோன்றும். நடுப்புள்ளியிலிருந்து ஒரு பக்கம் என்ன இருக்கிறதோ, நேர் எதிர்ப்பக்கமும் அதுவே அதே தொலைவில் இருக்கும். முப்பரிமாணத்தில் படிகத்திற்கு இத்தகைய நடுப்புள்ளி இருந்தால் அதனைச் சமச்சீர் மையம் என்கிறோம். மையமுள்ள படிகத்தில் மின்புலத்தை வலப்புறம் செலுத்தினால் ஏதோ ஒரு விளைவு தோன்றுகிறது எனக் கொள்வோம். புலத்தை இடப்புறம் திருப்பினால் அதே அளவு விளைவு எதிர்த்திசையில் தோன்றியாக வேண்டும். ஏனெனில் படிகத்திற்கு வலம், இடம் என்ற வேறுபாடு இல்லை. ஆனால் வர்க்கப் பகுதி அப்படித் திரும்பாது. கழித்தல் எண்ணின் வர்க்கமும் கூட்டல் எண்தானே! குறி மாறியாக வேண்டும், ஆனால் மாறவும் முடியாது என்ற நிலையில் இருக்கக்கூடிய ஒரே எண் சுழி. ஆகவே சமச்சீர் மையமுள்ள படிகத்தின் உள்ளிருந்து எவ்வளவு வலிய லேசரை அடித்தாலும் இரண்டாம் சீரிசை எழாது. படிகங்களின் 32 சமச்சீர் வகுப்புகளில் மையமற்றவை 21. அவற்றுள்தான் நாம் தேட வேண்டும்.

கரிமச் சேர்மங்களை ஏன் நாடுகிறோம்? பென்சீன் வளையத்தின் ஒரு முனையில் எலெக்ட்ரானைத் தரும் தொகுதியையும் மறுமுனையில் அதனை ஈர்க்கும் தொகுதியையும் அமைத்தால், வளையத்தின் பை எலெக்ட்ரான்கள் ஒரு பக்கம் எளிதாகவும் மறுபக்கம் கடினமாகவும் நகரும். ஒரு மூலக்கூறின் அளவில் இது மிகச் சிறந்த அமைப்பு. பாரா நைட்ரோ அனிலீன் இதற்குப் பாடநூல் எடுத்துக்காட்டு. ஆனால் அம்மூலக்கூறுகள் படிகமாகும்போது ஒன்று தலைமேலாகவும் அடுத்தது தலைகீழாகவும் இணை சேர்ந்து அடுக்கிக்கொள்கின்றன. சமச்சீர் மையம் வந்துவிடுகிறது; மூலக்கூறின் திறமையெல்லாம் படிகத்தில் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. அதே வளையத்தில் ஓரமாக ஒரே ஒரு மீத்தைல் தொகுதியைச் சேர்த்த 2-மீத்தைல்-4-நைட்ரோ அனிலீனோ அப்படி அடுக்கிக்கொள்வதில்லை. அதன் படிகத்தின் பெரும் நேரிலாத் திறன் 1979-இல் அறிவிக்கப்பட்டபோது கரிமப் படிகங்கள்மீது உலகின் கண் திரும்பிற்று. அமினோ அமிலங்களை நாடியவர்களுக்கு வேறொரு வசதி. இடக்கை, வலக்கை போன்ற மூலக்கூறுகளில் ஒரு கையை மட்டும் எடுத்துப் படிகமாக்கினால் மையம் வரவே முடியாது. 1983-இல் சீனாவின் ஷாண்டோங் பல்கலைக்கழகத்தினர் தந்த எல்-ஆர்ஜினைன் பாஸ்பேட் அவ்வழியில் பிறந்ததே.

இனி எங்கள் ஆய்வகத்திற்கு வருவோம். ஓர் அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல் துறையில் இருக்கும் கருவிகளைக் கொண்டு செய்யக்கூடியதாக, விலை மலிந்ததாக, நஞ்சற்றதாக ஒரு பொருள் வேண்டும். நான் முதுகலை மாணவர்களுக்குத் தேர்ந்து கொடுப்பது கிளைசின். அமினோ அமிலங்களுள் மிக எளியது. மூலக்கூறு எடை 75.07. 1820-இல் பிரான்சு நாட்டுப் பிராக்கனோ இதனை ஜெலாட்டினிலிருந்து பிரித்தெடுத்தார். ஜெலாட்டின் பிறப்பது கொலாஜனிலிருந்து. சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கார்த்தாவும் 1954-இல் கொலாஜனுக்கு முப்புரி அமைப்பை முன்வைத்தபோது, ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் அமர்ந்திருந்தது இந்தக் கிளைசினே.

கிளைசின் மூலக்கூறுக்கு இடக்கை, வலக்கை வேறுபாடு இல்லை. அது எவ்வாறு அடுக்கிக்கொள்ளும் என்பது அதன் விருப்பம். ஆல்ஃபா, பீட்டா, காமா என மூன்று வடிவங்கள் நெடுங்காலமாக அறியப்பட்டவை. ஆல்ஃபாவின் அமைப்பை 1939-இல் ஆல்பிரெக்ட்டும் கோரியும் கண்டனர். அது ஒற்றைச்சரிவுத் தொகுதி, மூலக்கூறுகள் எதிரும் புதிருமாக இணை சேர்கின்றன, மையம் உண்டு. காமாவை ஜப்பானின் ஈட்டாக்கா 1950-களில் ஆராய்ந்தார். அது முக்கோணத் தொகுதி, மூலக்கூறுகள் ஒரு திருகு அச்சைச் சுற்றி மூன்று படிக்கு ஒரு சுற்றாக, எல்லாம் ஒரே திசை நோக்கி ஏறுகின்றன, மையம் இல்லை. பீட்டா நிலையற்றது, அதனை விட்டுவிடுவோம். அறை வெப்பநிலையில் மிக நிலையானது காமாவே. ஆயினும் வெறும் நீரில் கரைத்து ஆவியாக்கினால் பெரும்பாலும் வருவது ஆல்ஃபாதான். நிலையானதற்கும் முதலில் பிறப்பதற்கும் தொடர்பில்லை என்பதை வேதியியல் மாணவர்கள் அறிவர்.

வளர்க்கும் முறை எளிது, பொறுமைதான் அரிது. 100 மில்லி நீரில் 25 டிகிரியில் 25 கிராம் கிளைசின் கரையும். 50 டிகிரியில் 39.1 கிராம். ஆகவே 50 டிகிரியில் தெவிட்டிய கரைசலை 25-க்குக் குளிர்வித்தால் 14.1 கிராம் வெளியே வந்தாக வேண்டும். அது ஒரே படிகமாக வந்தால் பக்கத்திற்கு இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்த ஒரு கட்டி. அவசரப்பட்டால் முகவையின் அடியில் ஒரு பிடி சர்க்கரை. மீதெவிட்டிய நிலை சிறிதாக இருக்கும்போது கரைசல் புதுக் கருக்களை உண்டாக்காது; ஏற்கெனவே உள்ள விதைப்படிகத்தின்மேல் மட்டும் படியும். அந்தக் குறுகிய எல்லைக்குள் கரைசலை வாரக்கணக்கில் வைத்திருப்பதே படிகம் வளர்ப்பவரின் தொழில்.

எங்கள் முறை இது. இரண்டு முகவைகளை எடுத்துக்கொள்கிறோம். 'அ' முகவையில் 100 மில்லி வாலை வடிநீரும் 22.5 கிராம் கிளைசினும். 'ஆ' முகவையில் அதே நீர், அதே கிளைசின், கூடவே 5.84 கிராம் சோடியம் குளோரைடு. அதாவது மூன்று மோலுக்கு ஒரு மோல். நன்கு கலக்கி, வடிதாளில் வடிகட்டி, நெகிழித்தாளால் மூடி, தாளில் ஊசியால் சில துளைகள் இட்டு, எவரும் நடமாடாத மூலையில் வைக்கிறோம். பெருந்துளை இட்டால் விரைவில் ஆவியாகி மேற்பரப்பில் ஆடைபோல் படியும். சித்திரை, வைகாசியில் பகலுக்கும் இரவுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டால், பகலில் கரைவதும் இரவில் படிவதுமாகப் படிகம் வெண்புகை படிந்தாற்போல் ஆகிறது; உள்ளே கரைசல் துளிகள் சிறைப்படுவதே காரணம். மாறா வெப்பநிலைத் தொட்டி இருந்தால் நலம். மின்சாரம் நின்றுவிட்டால் அதுவும் பயனில்லை. ஆகவே எங்கள் படிகங்களுக்கு உகந்த பருவம் கார்த்திகையும் மார்கழியும். இன்னொரு பகையும் உண்டு. அமினோ அமிலக் கரைசல் பூஞ்சைக்கு நல்ல உணவு. நூல் நூலாக ஏதோ மிதப்பதைக் கண்டால் படிகம் என்று மகிழ வேண்டா.

மூன்று, நான்கு வாரங்களில் இரண்டு முகவைகளிலும் படிகங்கள் தெரியும். இரண்டும் நிறமற்றவை, இரண்டும் தெளிந்தவை. உற்று நோக்கினால் வேறுபாடு உண்டு. ஆல்ஃபா, இருபுறமும் கூம்பிய வடிவு. காமா, நீண்ட பட்டகம். அதன் இரு முனைகளும் ஒன்றுபோல் இரா. ஒன்று தட்டையாகவும் மற்றது கூராகவும் இருக்கும். மையமில்லாத அமைப்பு தன்னைக் கண்ணுக்கே காட்டும் இடம் இது. ஆனால் முகவையின் அடியில் ஒட்டி வளர்ந்த படிகத்திற்கு ஒரு முனைதான் இருக்கும் என்பதால் கண்ணை மட்டும் நம்புவதற்கில்லை.

இப்போது பெயரிடும் வேலை. சென்ற ஆண்டு என் முதுகலை மாணவி ஒருவர் 'ஆ' முகவையின் படிகத்தைக் குப்பியிலிட்டு, 'மும்மைக் கிளைசின் சோடியம் குளோரைடு' என்று அழகிய கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டினார். மூன்று பங்கு இது, ஒரு பங்கு அது போட்டோம். ஆகவே பெயர் அது என்பது அவர் கணக்கு. நான் சீட்டைக் கிழித்துவிட்டு 'ஆ' என்று மட்டும் எழுதச் சொன்னேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் குழம்பில் போட்டதெல்லாம் காய்க்குள் ஏறிவிடுகிறதா? முகவையில் என்ன போட்டோம் என்பது நமக்குத் தெரியும். படிகத்தில் என்ன ஏறிற்று என்பது படிகத்தைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்பதற்குப் பெரிய கருவி வேண்டும் என்பதில்லை. படிகத்தைக் குளிர்ந்த நீரில் ஒரு நொடி முக்கி, வடிதாளில் ஒற்றி எடுத்து, மேலே ஒட்டிய தாய்க்கரைசலை நீக்கினோம். பிறகு அதனை வாலை வடிநீரில் கரைத்து, சில துளி நீர்த்த நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட் கரைசலும் விட்டோம். குளோரைடு இருந்தால் தயிர்போல் வெண்ணிற வீழ்படிவு வர வேண்டும். படிகத்தில் மும்மைக்கு ஒன்று என்ற விகிதத்தில் குளோரைடு இருந்தால், எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு அதுவே! ஆனால் கரைசல் மிக மெல்லக் கலங்கியதோடு சரி. அந்தக் கலக்கமும் சிறைப்பட்ட துளிகளிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். (சோடியத்திற்குச் சுடர்ச் சோதனை செய்து பார்க்க அவர் விரும்பினார். விரல் வியர்வை பட்டாலே மஞ்சளாக எரியும் சோதனை அது. இந்த வழக்கில் அதன் சாட்சியம் செல்லாது.)

அடுத்துத் தூள் எக்ஸ்-கதிர்ப் பதிவு. எங்களிடம் கருவி இல்லை. கட்டணம் செலுத்தி வெளியே அனுப்பிப் பெற்றோம். வருமுன் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும்படி மாணவியிடம் கூறியிருந்தேன். காமாவின் அலகுக்கூட்டின் பக்கம் 7.04 ஆங்ஸ்ட்ராம். 1-1-0 தளங்களின் இடைவெளி அதில் சரிபாதி, 3.52. தாமிர இலக்கின் கதிருக்கு அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம். பிராக் சமன்பாட்டில் இட்டால் கோணம் 12.64 டிகிரி, பதிவில் அதன் இருமடங்கான 25.3 டிகிரியில் முகடு வர வேண்டும். ஆல்ஃபாவின் நீண்ட பக்கம் 11.97, அதன் 0-4-0 தளங்களுக்கு முகடு 29.8 டிகிரியில். பதிவு வந்தது. 'அ' தூளில் 29.8-இல் முகடு, 'ஆ' தூளில் 25.3-இல். சோடியம் குளோரைடின் மிக வலிய முகடு 31.7 டிகிரியில் வர வேண்டும். 'ஆ' தூளில் அது இல்லை. 'ஆ' என்பது தூய காமா கிளைசின். உப்பு, எந்த வடிவம் பிறக்க வேண்டும் என்பதை மாற்றிவிட்டுத் தான் கரைசலிலேயே தங்கிவிட்டது.

இதனை ஏன் இவ்வளவு விரித்துச் சொல்கிறேன் என்றால், கடந்த இருபது, முப்பது ஆண்டுகளில் நம் நாட்டுக் கல்லூரிகளிலிருந்து, நம் மாநிலத்திலிருந்து குறிப்பாக, அமினோ அமிலப் படிகங்களைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் வெளிவந்துள்ளன. அவற்றுள் நல்லவை பல. ஆனால் சிலவற்றில் புதிய சேர்மம் என்று பெயர் சூட்டப்பட்டவை மறுஆய்வில் காமா கிளைசினாகவோ, முகவையில் போட்ட மூலப்பொருள்களுள் ஒன்றாகவோ முடிந்தன. ஆய்விதழ்களில் மறுப்புக் குறிப்புகளும் வந்தன. முகவையைப் பார்த்துச் சீட்டு எழுதியதன் விளைவு. அகச்சிவப்பு நிறமாலை, வெப்பப் பகுப்பாய்வு, விக்கர்ஸ் கடினத்தன்மை, மின்காப்பு மாறிலி என்று பத்து அளவீடுகளை அடுக்கினாலும், அலகுக்கூட்டை ஏற்கெனவே அறியப்பட்டவற்றோடு ஒப்பிடாத வரை, எந்தப் பொருளை அளந்தோம் என்பதே நிலைநாட்டப்படவில்லை. உப்பும் அமிலமும் ஒருபோதும் ஏறாது என்றும் எண்ண வேண்டா. மூன்று பங்கு கிளைசினும் ஒரு பங்கு கந்தக அமிலமும் சேர்ந்து டிரைகிளைசின் சல்பேட் என்னும் உண்மையான சேர்மத்தைத் தருகின்றன. 1956-இல் அதன் ஃபெரோ மின்பண்பு அறியப்பட்டது. 49 டிகிரிக்குக் கீழ் அப்பண்பு உண்டு. அகச்சிவப்பு உணர்விகளில் அது பெரிதும் பயன்பட்டது. அதன் பெயரை உறுதி செய்தது கலவை விகிதம் அன்று, படிக அமைப்பு.

இறுதியாக லேசர்ச் சோதனை. 1968-இல் கூர்ட்ஸும் பெர்ரியும் தந்த தூள் முறையில் பெரிய படிகம் தேவையில்லை என்பதே எளியவர்களுக்குப் பெரும் கொடை. படிகத்தைப் பொடித்து, சல்லடையில் சலித்து, ஒரே பருமனுள்ள துகள்களைக் கண்ணாடிக் குழலில் அடைத்து, 1064 நானோமீட்டர் துடிப்பொளியைப் பாய்ச்சுகிறார்கள். அகச்சிவப்பை வடிப்பானால் தடுத்தபின் எஞ்சும் 532 நானோமீட்டர் பச்சையை ஒளிப்பெருக்கிக் குழாய் அளக்கிறது. அதே பருமனுள்ள பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் தூளோடு ஒப்பிட்டு இத்தனை மடங்கு என்று சொல்கிறார்கள். துகள் பருமனைக் குறிப்பிடாமல் மடங்கை மட்டும் சொல்வதில் பொருளில்லை. துகளின் உள்ளே அகச்சிவப்பும் பச்சையும் வெவ்வேறு வேகத்தில் செல்வதால், சில மைக்ரோமீட்டர் தொலைவுக்குள்ளேயே ஒரு பகுதியில் பிறந்த பச்சை மற்றொரு பகுதியில் பிறந்த பச்சையை அழிக்கத் தொடங்கிவிடும். இரட்டை விலகலைப் பயன்படுத்தி இரண்டையும் ஒரே வேகத்தில் செல்லவைக்கும் திசை படிகத்தில் இருந்தால், துகள் பருக்கப் பருக்கப் பச்சையும் ஒரு நிலை வரை பெருகும். அத்தகைய திசை இல்லையெனில் விரைவில் உச்சம் கண்டு குறையும். காமா கிளைசினுக்கு வெவ்வேறு ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு மடங்குகளைச் சொல்வதில் இந்தக் காரணமும் கலந்திருக்கிறது என்பது என் கருத்து.

சோதனை நடந்த ஆய்வகத்திற்கு மாணவியோடு நானும் சென்றிருந்தேன். 'அ' குழலில் துடிப்பொளி பாய்ந்தபோது அறை இருட்டாகவே இருந்தது. 'ஆ' குழலில் ஊசிமுனையளவு பச்சை மின்னிற்று. இரண்டிலும் இருப்பது ஒரே மூலக்கூறு. ஒரே போத்தலிலிருந்து நிறுத்தெடுத்த கிளைசின்.

தூளில் பச்சையைக் கண்டபின் அடுத்த படி, குறித்த திசையில் வெட்டத்தக்க பெரிய ஒற்றைப் படிகம். இதில் கரிமப் படிகங்களின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அவை மென்மையானவை, மெருகிடும்போது கீறல் விழும், பல நீரில் கரையும், வலிய வெப்பம் தாங்கா. காமா கிளைசினே 170 டிகிரியை ஒட்டி ஆல்ஃபாவாக மாறிவிடும். மாறினால் பச்சையும் போயிற்று. ஆகவே சுட்டுக்கோல்களில் இன்றும் கனிமப் படிகங்களே அமர்ந்திருக்கின்றன. டெராஹெர்ட்ஸ் கதிர்களை உண்டாக்கும் வேலையில்தான் டாஸ்ட் போன்ற கரிமப் படிகங்கள் தமக்கென ஓர் இடத்தைப் பிடித்துள்ளன.

விரும்பிய திசையில் வளர்ப்பதற்கு நம்மவர் தந்த வழி ஒன்று உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தில் 1982-இல் படிக வளர்ச்சி மையத்தைத் தோற்றுவித்த பி. ராமசாமியும் கே. சங்கரநாராயணனும் 2005-இல் வெளியிட்ட முறை அது. இருவர் பெயராலும் உலக இதழ்களில் வழங்குகிறது. கண்ணாடிக் குழலின் அடியில் விதைப்படிகத்தை வேண்டிய திசை மேல்நோக்கி இருக்கும்படி பதித்து, மேலே கரைசலை நிரப்பி, குழலின் தலைப்பகுதியில் மட்டும் மெல்லிய வெப்பம் கொடுக்கிறார்கள். நீர் மேலே ஆவியாக, படிகம் குழலின் வடிவிலேயே அடியிலிருந்து உயர்கிறது. அதற்கு வேண்டியவை ஒரு குழல், ஒரு நீர்த்தொட்டி, ஒரு வெப்பச்சுருள், இரண்டு வெப்பமானிகள். இந்த ஆண்டு 'ஆ' முகவையில் கிடைத்த பட்டகங்களுள் மிகத் தெளிந்த ஒன்றை விதையாக இட்டுத் தொடங்கியிருக்கிறோம். குழலின்மேல் ஒட்டிய சீட்டில், எக்ஸ்-கதிர்ப் பதிவு கையிலிருப்பதால், இம்முறை 'காமா கிளைசின்' என்றே எழுதியிருக்கிறது.